நாய்களுக்கான இறைச்சி மூட்டையை யாரும் திறக்கவில்லை

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. மலாயா சுதந்திரம் பெற்ற மெர்டேக்காவுக்கு அடுத்த ஆண்டு, மழை பிடித்துக்கொண்ட ஒரு காலை. மலாக்காவின் காஜா பெராங்கில் உள்ள நம் காவல் நாய்க் காப்பகத்தில் டைகர் என்ற அல்சேஷன் சாப்பாட்டைத் தொடவில்லை. வாந்தி எடுத்தது. வயிறு கல் மாதிரி இருந்தது.

2. மதியத்துக்குள் இன்னும் இரண்டு நாய்களுக்கு அதே வாந்தி.

3. மேனேஜர் வந்தார். கூண்டுக்குள் போகவில்லை. நாயைத் தொட்டுப் பார்க்கவில்லை. பராமரிப்பாளர் நடராஜா தன் வீட்டுக் கறி எலும்பை நாய்களுக்குப் போட்டுவிட்டார் என்று வெளியே நின்றபடியே முடிவு செய்தார்.

4. நடராஜாவிடமிருந்து கூண்டுச் சாவிகளை வாங்கிக்கொண்டார். வாரக் கடைசியோடு வேலை முடிந்தது என்றார்.

5. மூன்று நாய்களுக்கும் விளக்கெண்ணெய் புகட்டச் சொன்னார்.

6. கொல்லைப்புற அறையில் தொங்கிய மாட்டிறைச்சி மூட்டையை யாரும் திறந்து பார்க்கவில்லை.

இந்தக் காப்பகத்தில் புதிய மிஸ்ஸிகளாக, அதாவது நாய்களுக்கு நர்ஸாக, சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்காகவும் இதை எழுதுகிறேன். கல்யாணம் ஆன பெண் வேலையில் தொடரக் கூடாது என்று இங்கே ஒரு விதி இருக்கிறது. அதனால் முப்பது வயதாகும் முன்பே ஓய்வு பெற்றவளாகப் போகிறேன். அந்த விதி மீது எனக்குள்ள கோபத்தை எழுதினால் இடம் போதாது. எனவே டைகர் விஷயத்துக்கே வருகிறேன். அதிலும் கோபத்துக்குக் குறைவில்லை.

மருந்து அளவு, காயத்துக்குக் கட்டுப் போடுவது, ஊசியைக் கொதிக்க வைப்பது எல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். மேனேஜர் முன்னால் நின்று "மாட்டேன்" என்று சொல்வது எப்படி என்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

அன்று நான் டைகரின் வயிற்றை அழுத்திப் பார்த்தேன். உள்ளே ஏதோ திரண்டு அடைத்திருந்தது. அடைத்த வயிற்றுக்குப் பேதி மருந்து கொடுத்தால் குடல் தள்ளும், தள்ளப்படும் பொருள் நகராது, குடல் கிழியும். இது படித்தவர்களுக்கு மட்டும் விளங்கும் விஷயமல்ல. அடைத்த சாக்கடையில் மேலும் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும் என்று தெரிந்த எவருக்கும் விளங்கும்.

"எண்ணெயக் குடுத்தா எலும்பு தன்னால வெளிய வந்துரும். இதுக்குப் போயி டாக்டரக் கூப்பிடணுமா?" என்றார் மேனேஜர்.

"அடைச்சிருக்கு சார். எண்ணெய் குடுத்தா செத்துரும்."

"மிஸ்ஸி, நீ இதுவரைக்கும் எத்தன நாய் பாத்திருக்க?"

"இந்த நாயப் பாத்துட்டேன் சார். இப்போதைக்கு அது போதும்."

பக்கத்தில் கணக்குப் புத்தகத்தோடு நின்ற ஆபீஸ் கிராணி சிரித்தார். "மிஸ்ஸிக்கு மூக்கு மேல கோவம் வந்துருச்சு லா."

எனக்குக் கோபம் வந்தது உண்மைதான். ஆனால் கோபத்தில் குரலை உயர்த்தினால், அதையே காரணமாக்கி நம்மை வெளியே அனுப்பிவிட்டுத் தாங்கள் நினைத்ததைச் செய்துவிடுவார்கள். நான் எண்ணெய்ப் புட்டியை எடுத்து மேனேஜர் கையில் கொடுத்தேன். "நான் குடுக்க மாட்டேன் சார். நீங்க குடுக்கணும்னா குடுங்க. தாடைய இப்படி ரெண்டு பக்கமும் பிடிக்கணும்" என்று கூண்டுக் கதவைத் திறந்து காட்டினேன்.

டைகர் வலியில் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தது. மேனேஜர் ஓரடி பின்னால் எடுத்து வைத்தார். "சரி சரி, டாக்டருக்குப் போன் போடு" என்றார்.

ஒருவர் தவறான உத்தரவு போட்டால் வாதாடிக்கொண்டு நிற்காதீர்கள். அந்த உத்தரவை அவர் கையிலேயே கொடுத்து, அவரையே நிறைவேற்றச் சொல்லுங்கள். பாதி உத்தரவுகள் அங்கேயே முடிந்துவிடும்.

மீதிப் பாதி முடியாது. அதையும் சொல்ல வேண்டும். கால்நடை டாக்டர் கிளேபாங்கிலிருந்து வந்து டைகரின் வயிற்றைத் திறந்தபோது நான் உள்ளே அவருக்கு உதவியாக நின்றேன். அந்த நேரத்தில் வெளியே மேனேஜர் கிராணியிடம் புட்டியைக் கொடுத்து, பிளாக்கிக்காவது புகட்டு என்று சொல்லியிருக்கிறார். நோய்ப்பட்ட மூன்றில் பிளாக்கிதான் சாது. யார் கையை நீட்டினாலும் நக்கும். வாயைத் திற என்றால் திறக்கும். அதனால்தான் அதற்கு எண்ணெய் கிடைத்தது. சாயங்காலம் அது செத்துப்போனது.

மூன்றாவது நாய் தானாகவே கக்கிவிட்டுப் பிழைத்தது. டைகரின் வயிற்றிலிருந்து டாக்டர் எடுத்தது எலும்பில்லை. வெள்ளையாக, வழவழப்பாக, ஊறிப்போன அப்பளம் மாதிரி உப்பிய ஒரு பந்து. டாக்டர் அதைத் தட்டில் போட்டு, "தோல் மாதிரி இருக்கு. எங்கேருந்து வந்துச்சுன்னு பாருங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

நான் தட்டைக் கொண்டுபோய் மேனேஜரிடம் காட்டினேன்.

"எலும்பு இல்ல சார்."

"எலும்பு இல்லன்னா வேற என்னத்தையாவது போட்டிருப்பான்."

"யாரு சார்?"

"யாரா? அந்தத் தமிழ் தெரியாத தமிழன்தான்!"

நடராஜா கம்போங் சிட்டியைச் சேர்ந்தவர். காப்பகத்திலிருந்து நடந்துபோகும் தூரத்தில் வீடு. சிட்டிகள் பல தலைமுறைக்கு முன்பே மலாக்காவில் குடியேறிய தமிழர் வம்சம்; அவர்கள் வீடுகளில் பேசுவது மலாய். நடுநடுவே சில தமிழ்ச் சொற்கள் வரும். நெற்றியில் திருநீறு இல்லாமல் அவர் வேலைக்கு வந்து நான் பார்த்ததில்லை. மேனேஜருக்கு இதெல்லாம் கணக்கில் இல்லை. தமிழில் திட்டினால் திருப்பித் திட்டத் தெரியாதவர் என்பதுதான் கணக்கு. வெள்ளைக்கார மேனேஜர் கப்பல் ஏறிப் போய்விட்டார். அவர் நாற்காலியில் நம்மவர் உட்கார்ந்தார். அந்த நாற்காலியோடு வந்த பேச்சையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்.

நடராஜா குழாயடியில் உட்கார்ந்திருந்தார். "சாயா தாக் காசி துலாங், மிஸ்ஸி. சும்பா" என்றார். எலும்பு போடவில்லை, சத்தியம் என்று அர்த்தம். பிறகு அவர் மலாயில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்: "வேலை போனால் போகட்டும், வேறு தேடலாம். நாய்க்கு விஷம் வைத்தவன் என்ற பேரோடு போனால் செமாபோக்கிலிருந்து கிளேபாங் வரை எந்தக் கிடங்குக்காரன் தன் நாயை என்னிடம் விடுவான்?"

எனக்கு விஷயம் அந்த ஒரு கேள்விதான். வாரக் கடைசிக்குள் அதற்குப் பதில் வேண்டும்.

இப்போது மூட்டை விஷயம். காவல் நாய்கள் பகலில் கூண்டில் அடைந்து கிடப்பவை. கடிக்க ஒன்றும் இல்லாவிட்டால் கம்பியைக் கடித்துப் பல்லை உடைத்துக்கொள்ளும். தன் காலையே கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும். அதற்காக உலர்ந்த மாட்டிறைச்சித் துண்டு கொடுக்கிறோம். நல்ல துண்டாக இருந்தால் நாய் அதோடு ஒரு பகலை ஓட்டிவிடும். பல் சுத்தமாகும், உடம்பில் சத்தும் சேரும். நல்ல யோசனைதான். ஆனால் அந்தத் துண்டு நம்மிடம் வந்து சேரும் விதத்தைப் பாருங்கள்.

இங்கே வேலை செய்த தமிழர் எல்லோரும் இந்துக்கள். மாட்டிறைச்சியைத் தொட மாட்டோம். வேன் ஓட்டும் பாக்சிக் மலாய்க்காரர். இறைச்சி அவருக்குப் பிரச்சினையில்லை. ஆனால் நாய்க் கூண்டுகளுக்குப் பக்கத்து அறையில் தொங்கிய மூட்டையை முஸ்லிமான அவர் தொட முடியாது; நாய் புழங்கியது அவருக்குத் தீட்டு. நடராஜா நீண்ட இடுக்கியால் மூட்டைக்குள் துழாவி, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஒவ்வொரு துண்டாக எடுத்துக் கூண்டுக்குள் போடுவார். மேனேஜர் அந்த அறைப் பக்கமே வரமாட்டார். எல்லோருடைய காரணமும் மரியாதையான காரணம். எல்லாக் காரணங்களையும் சேர்த்தால், நாய்கள் எதைத் தின்கின்றன என்று காப்பகத்தில் ஒருவருக்கும் தெரியாது.

நான் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு மூட்டையை அவிழ்த்து ஒரு பழைய செய்தித்தாளில் கொட்டினேன். கிராணி வாசலில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். "என்ன மிஸ்ஸி, இன்னிக்கு வீட்டுல பீஃப் ரெண்டாங் கறியா?"

"உங்க வீட்டுக்கும் ஒரு பொட்டலம் கட்டட்டுமாண்ணே?" என்று கேட்டேன். ஓடிப்போனார்.

எங்கள் வீட்டிலும் மாட்டிறைச்சி நுழையாது. நானும் தின்றதில்லை, தின்னப் போவதுமில்லை. ஆனால் பார்ப்பதற்கும் தின்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. அன்று மாலை தலைக்குக் குளித்தேன். அதோடு தீர்ந்தது. பார்க்காமல் விட்டதற்கு எந்தக் குளியலும் கிடையாது. பிளாக்கி வராது.

மூட்டையின் மேலே கொஞ்சம் நல்ல தசைநார் கிடந்தது. பொன்னிறம், மங்கலான இறைச்சி வாசனை. அதற்குக் கீழே மூட்டை முழுவதும் வெளிறிய, தட்டையான தோல் சீவல்கள். ஒன்றை வாளித் தண்ணீரில் போட்டேன். பக்கத்து வாளியில் ஒரு தசைநார்த் துண்டு. தசைநார் மெதுவாக இளகியது, தண்ணீர் கஞ்சி நிறமானது. தோல் சீவல் உப்பி வழுக்கியது. அழுகிய முட்டை நாற்றம் வந்தது. சிவப்பு லிட்மஸ் தாளை அந்தத் தண்ணீரில் நனைத்தேன். நீலமாக மாறியது. காரம். மயிரை உதிர்க்கச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்ட தோலிலிருந்து வெட்டி எறிந்த ஓரங்கள் அவை. செருப்புக்கு ஆகாத கழிவு நம் நாய்களின் வயிற்றுக்குப் போயிருந்தது.

மறுநாள் காலை சந்தைக்குப் போனேன். மாட்டிறைச்சிக் கடை பாய் என்னையும் என் பொட்டையும் பார்த்துத் திகைத்தார். "தங்கச்சி, கோழிக்கடை அந்தப் பக்கம்."

"மாட்டுக்குத்தான் பாய் வந்தேன். நாய்க்கு."

காப்பகத்துக்கு இறைச்சி மூட்டை அனுப்பும் காண்ட்ராக்டர் பெயரைச் சொன்னதும் சிரித்தார். "அவரா? முன்னெல்லாம் நரம்பு, தொண்டைக்குழாய் எல்லாம் எங்கிட்டதான் எடுத்துக் காய வைப்பாரு. நோன்புப் பெருநாளைக்கு முன்னாடியே நிறுத்திட்டாரே. தோல் பட்டறைப் பக்கம் அவரு லோரி நிக்குதுன்னு பயலுக சொன்னானுங்க."

காண்ட்ராக்டர் கடை துக்காங் எமாஸ் தெருவில். கோயிலில் பூசை முடிந்து, சந்தனம் காயாத நெற்றியோடு கல்லாவில் உட்கார்ந்திருந்தார். காகிதத்தில் சுற்றிய ஒரு தோல் சீவலை அவர் முன்னால் வைத்துப் பிரித்தேன். நாற்காலியோடு பின்னால் தள்ளிப் போனார்.

"ஐயோ, என்னம்மா இது! சாமி கும்பிட்டுட்டு வந்து உக்காந்திருக்கேன்!"

"நீங்க அனுப்புனதுதான். எங்க வாங்குனீங்க?"

"நான் மாட்டத் தொடுவேனாம்மா? மூட்டையா வருது, மூட்டையாக் குடுக்குறேன். உள்ள என்னன்னு நான் எப்படிப் பாக்குறது?"

"பாக்காதவருக்கு மேல நல்லதப் போட்டுக் கீழ கழிவப் போடத் தெரியுதா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "இங்க பாரும்மா, மூட்டைய நீங்க யாரும் திறக்கவும் மாட்டீங்க, திறந்தாலும் தொட மாட்டீங்க. இத்தன காலம் நல்லாத்தான போச்சு? நாயிதானம்மா, எதையும் தின்னும்."

நம் பக்தியை அவர் ஒரு பூட்டாகப் பயன்படுத்தினார். நாம் கண்ணை மூடுவோம் என்று நம்பி, மூடிய கண்ணுக்கு முன்னால் வியாபாரம் செய்தார். அந்தத் தெருவில் கோயிலும் பள்ளிவாசலும் அருகருகே இருக்கின்றன. இரண்டில் எதற்கும் இந்த மனிதரின் வியாபாரத்தோடு சம்பந்தமில்லை.

இனி மூட்டையைத் திறக்கப் போவது நீங்கள். என்ன பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

எந்த மிருகத்தின் எந்தப் பாகம் என்று கொடுப்பவரால் சொல்ல முடியாவிட்டால் வாங்காதீர்கள். தசைநார், மூச்சுக்குழாய், உணவுக்குழாய், கொழுப்பு நீக்கிய தசை, இவை உலர்ந்தால் நல்ல துண்டு. இவற்றில் நார் அதிக நேரம் பிடிக்கும், குழாய் சீக்கிரம் தீரும்; எப்போதும் பசியோடிருக்கும் நாய்க்கும் பொழுது போகாத நாய்க்கும் ஒரே துண்டைக் கொடுக்காதீர்கள். பனி போல வெளுத்திருந்தால் சந்தேகப்படுங்கள். இறைச்சி வெளுப்பாகக் காயாது. யாரோ வெளுக்க வைத்திருக்கிறார்கள். உப்பு, மசாலா, மஞ்சள் எதுவும் கூடாது. மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்திருந்தால் துடைத்துவிட்டுக் கொடுக்கலாம் என்பார்கள். கொடுக்காதீர்கள்.

கட்டைவிரல் நகத்தால் அழுத்துங்கள். துளியாவது பதிய வேண்டும். பதியாத துண்டு பல்லை உடைக்கும். சமைத்த எலும்பு எந்த வடிவத்திலும் கூடாது. கத்தி போலச் சிதறும். அதில் மட்டும் மேனேஜர் பயந்தது சரி, ஆனால் எலும்பு போடாத ஆளைப் பார்த்துப் பயந்தார். ஒவ்வொரு மூட்டையிலும் அடியிலிருந்து ஒரு துண்டை எடுத்துத் தண்ணீரில் ஊறப்போடுங்கள், லிட்மஸ் தாளை நனையுங்கள். மேலிருந்து எடுக்காதீர்கள். ஏன் என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

துண்டு நாயின் வாயை விட நீளமாக இருக்க வேண்டும். கடித்துக் கடித்து விழுங்கும் அளவுக்குச் சிறுத்துவிட்டால் திரும்ப வாங்கிவிடுங்கள். வாங்கும்போது வெறுங்கையை நீட்டாதீர்கள். வேறு தீனி காட்டி மாற்றுங்கள். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். துண்டு கொடுத்த அன்று சாப்பாட்டைக் கொஞ்சம் குறையுங்கள், ஆனால் துண்டைச் சாப்பாடு என்று நினைத்துவிடாதீர்கள். பல் விழும் குட்டிக்கும் பல் தேய்ந்த கிழட்டு நாய்க்கும் இளகிய துண்டு மட்டும். கொடுத்துவிட்டுப் போய்விடாதீர்கள். இருந்து பாருங்கள்.

இனி நடராஜா விஷயம். வாரக் கடைசியில் இரண்டு வாளிகளையும் லிட்மஸ் தாளையும் மேனேஜர் மேசைமேல் வைத்தேன். நடராஜாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.

மேனேஜர் நீலத் தாளை வெகுநேரம் பார்த்தார். காண்ட்ராக்டரைத் திட்டினார், தமிழில், சத்தமாக. பிறகு மேசை டிராயரிலிருந்து கூண்டுச் சாவிகளை எடுத்து நடராஜா பக்கம் தள்ளினார்.

"சரி போ. இந்தத் தடவ உன்ன மன்னிச்சு விடுறேன்."

நான் "எதுக்கு சார் மன்னிப்பு?" என்று கேட்டேன்.

"இடுக்கியில எடுத்துப் போட்டவன் அவன்தான? அவன் பாத்திருக்கணும்ல?"

"அந்த அறைக்குள்ள நீங்க ஒரு தடவையாவது போயிருக்கீங்களா சார்?"

"மிஸ்ஸி, வேலை திரும்பக் கெடைச்சிருச்சுல்ல? அதோட விடு."

நடராஜா சாவியை எடுக்கவில்லை. என்னைப் பார்த்தார். அவர் மலாயில் கேட்டதை நான் மேனேஜருக்குத் தமிழில் சொன்னேன்: "என்னை எந்தத் தப்புக்காக மன்னித்தீர்கள் என்று கேட்கிறார்."

மேனேஜர் போன் மணி அடிக்காமலே போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

அதன் பிறகுதான் நடராஜா சாவியை எடுத்தார். கூண்டுகளுக்குத் தண்ணீர் வைக்கும் நேரம் தாண்டியிருந்தது.

இன்றைய நிலவரம் இது. டைகர் பிழைத்து, செமாபோக்கில் ஒரு ரப்பர் கிடங்கில் காவல் இருக்கிறது. காண்ட்ராக்டரை நாம் நிறுத்திவிட்டோம்; வேறு ஊர்க் காப்பகம் ஒன்றுக்கு அவர் இறைச்சி அனுப்புவதாகக் கேள்வி. அந்தக் காப்பகத்துக்கு நான் தகவல் சொல்லிவிட்டேன், பதில் இல்லை. நமக்கு இறைச்சி இப்போது சந்தை பாயிடமிருந்து வருகிறது. பிளாக்கி வயதாகிச் செத்தது என்று மேனேஜர் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதற்கு நான்கு வயதுகூட ஆகவில்லை. நடராஜா வேலையில் இருக்கிறார். செய்யாத தப்புக்கு மன்னிக்கப்பட்டவராக இருக்கிறார். அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்படி மேனேஜரிடம் பலமுறை கேட்டுவிட்டேன். இதுவரை அவர் வாங்கிக்கொள்ளவில்லை.